பதினோராயிரம் மணி ஓடிய வண்டியைப் பற்றி எப்போது எழுதுவீர்கள்? – மண்வேலை இயந்திர இதழ்களின் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் நெய்வேலியில் வளர்ந்தவன். அப்பா சுரங்கப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது விருத்தாசலம் பக்கம் மண் தோண்டும் இயந்திரங்கள் மூன்று, டயரில் ஓடும் வண்டி இரண்டும் செயினில் ஓடும் வண்டி ஒன்றும் வைத்துத் தொழில் செய்கிறேன். கட்டுமான இயந்திரங்களுக்கென்று நம் நாட்டில் வரும் ஆங்கில மாத இதழ்களில் இரண்டுக்குப் பல வருடமாகச் சந்தா கட்டுகிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

எனக்கு இந்த இயந்திரங்களின் மீது ஆசை வந்ததே ஒரு பத்திரிகையால்தான். பணிமனையில் கழித்துப் போட்ட பழைய வெளிநாட்டு இதழ்களை அப்பா கட்டாகக் கொண்டுவருவார். ஆங்கிலம் பாதிதான் புரியும். ஆனால் பக்கம் முழுக்க இயந்திரத்தை நெடுக்காக அறுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் படங்கள் இருக்கும். எந்தப் பம்ப் எந்த சிலிண்டருக்கு எண்ணெய் தள்ளுகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். கலிபோர்னியாவில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவரின் கதையை அதில்தான் படித்தேன். அவர் இருந்த பக்கத்து ஆற்றுப்படுகை நிலம் கால் வைத்தால் புதையும் மண். டிராக்டரின் சக்கரத்தை எவ்வளவு அகலமாக்கிப் பார்த்தும் புதைந்தது. கடைசியில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மரப்பலகை கோத்த செயினை மாட்டி 1904 நவம்பரில் ஓட்டிக் காட்டினார். பிறகு 1925-இல் அவருடைய நிறுவனமும் பெஸ்ட் நிறுவனமும் சேர்ந்து கேட்டர்பில்லர் ஆனது. வீராணம் ஏரி வண்டலில் என் டயர் வண்டி அச்சு வரை இறங்கி நின்ற நாளில், அந்தப் பக்கம்தான் நினைவுக்கு வந்தது. ஏன் செயின் வந்தது என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

இப்போது வரும் இதழ்களில் அந்த ‘ஏன்’ இல்லை. ஒரு புதிய மாடல் வந்தால், நிறுவனம் அனுப்பிய அறிக்கை அப்படியே அச்சாகிறது. நான் வாங்கும் இரண்டு இதழ்களிலும் ஒரே மாதத்தில், ஒரே செய்தி, ஒரே வரிகளில் வந்ததை ஒன்றின் பக்கத்தில் ஒன்று வைத்துப் பார்த்திருக்கிறேன். படத்தில் வண்டி வெள்ளைத் தரையில் பளபளவென்று நிற்கும்; பக்கெட் பல்லில் ஒரு கீறல் இருக்காது. அடுத்த பக்கத்தில் கோட் போட்டவர்கள் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். அந்த வண்டியை நாள் முழுக்க ஓட்டப் போகிற ஆபரேட்டரின் முகத்தை ஒரு இதழில்கூட நான் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நீங்கள் போடும் ஒப்பீட்டு அட்டவணைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதைப் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் கடன் வாங்குகிறார்கள். பக்கெட் கொள்ளளவு என்று ஒரு எண் போடுகிறீர்கள். நெல் அளக்கும்போது மரக்காலைத் தலை தட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். உங்கள் எண் தலை தட்டியதா, குவித்ததா? குவித்தது என்றால் எந்தக் கணக்கு? அமெரிக்க எஸ்.ஏ.இ. முறையில் மேலே குவியும் மண்ணின் சரிவு ஒன்றுக்கு ஒன்று. ஐரோப்பிய சி.இ.சி.இ. முறையில் இரண்டுக்கு ஒன்று, அதாவது குவியல் தட்டையாக இருக்கும். அதே பக்கெட், அதே இரும்பு. ஆனால் முதல் கணக்கில் எண் பெரிதாக வரும். இரண்டு நிறுவனங்கள் இரண்டு கணக்கில் கொடுத்ததை ஒரே கட்டத்தில் நிறுத்தினால், வாங்குகிறவன் எதைப் பார்த்து முடிவு செய்வான்? குதிரைத் திறனும் அப்படித்தான். என்ஜினைக் குளிர்விக்கும் காற்றாடி, மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாமல் என்ஜினை மேடையில் வைத்து அளந்தது மொத்தத் திறன். அவற்றையெல்லாம் இழுத்தபிறகு மிச்சம் இருப்பது நிகரத் திறன். மண்ணைத் தோண்டுவது இந்த மிச்சம்தான். அட்டவணைக்குக் கீழே ஒரு வரி போட்டால் போதும். அந்த ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

எங்களுக்கு வேண்டிய எண்களோ அட்டவணையிலேயே இல்லை. களிமண்ணில் மணிக்கு எத்தனை லிட்டர் டீசல், சரளையில் எத்தனை, பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டினால் எத்தனை? மூட்டுகளில் இருக்கும் பின்னும் புஷ்ஷும் எத்தனை மணியில் ஆட்டம் கொடுக்கின்றன? செயின் வண்டியின் பராமரிப்புச் செலவில் பெரும்பங்கை விழுங்குவது அடிப்பாகம்தான். செயின், அதைத் தாங்கிச் சுழற்றும் ரோலர், ஐட்லர், ஸ்ப்ராக்கெட் எல்லாம் ஒன்றையொன்று தின்றுகொண்டே தேயும். அதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தால் நான் சட்டம் போட்டு மாட்டுவேன். இந்தத் தகவல் எல்லாம் இப்போது எங்கே கிடைக்கிறது தெரியுமா? உளுந்தூர்ப்பேட்டையில் ஹைட்ராலிக் ஓஸ், அதாவது அழுத்தத்தோடு எண்ணெய் போகும் குழாய், அடித்துக் கொடுக்கும் கடை வாசலில். அங்கே பத்து நிமிடம் நின்றால், எந்த மாடலுக்கு எந்த ஓஸ் அடிக்கடி வெடிக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த வாசலில் உங்கள் செய்தியாளர் ஒருவர் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் புது வண்டிகளுக்கு ஐந்தாம் கட்ட மாசு விதி வந்திருக்கிறது. புகையில் போகும் நுண்துகள்களின் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்ததால், நாங்கள் வாங்கும் அளவு வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி வந்துவிட்டது. பிடித்த கரியை அது சூடேற்றி எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்கு என்ஜின் கொஞ்ச நேரம் நன்றாகச் சூடாக ஓட வேண்டும். கால் மணி நேரம் குழி எடுத்து, டிப்பர் வரும்வரை ஐடிலில் நிற்கும் வண்டிக்கு இது எப்படி ஒத்துவரும்? எந்த நேரத்தில் எச்சரிக்கை விளக்கு எரியும், எரிந்தால் ஆபரேட்டர் என்ன செய்ய வேண்டும்? நான் பார்த்த சிறப்பிதழில் ‘பசுமை’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. இந்தக் கேள்வி ஒரு பக்கத்திலும் இல்லை. காற்று சுத்தமாவது எங்களுக்கும் வேண்டும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவன் ஆபரேட்டர்தானே.

பழங்கதையையும் கேட்கிறேன். தமிழ்ப் பத்திரிகைகள் இன்றுவரை ‘பொக்லைன் இயந்திரம் மூலம் ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்றுதான் எழுதுகின்றன. பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். 1927-இல் ஜார்ஜ் பத்தாய் என்பவர் விவசாயக் கருவிகள் செய்யத் தொடங்கிய பட்டறை அது. கம்பிவடத்தால் இழுத்துத் தோண்டிய காலத்தில், 1951-இலேயே ஹைட்ராலிக் தோண்டியைச் செய்தவர்கள். நம் நாட்டில் எல் அண்ட் டி அவர்களோடு சேர்ந்து அந்த வண்டிகளைச் செய்தது. நம் ஊர் வாயில் பெயர் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு அந்த வண்டித் தொழில் அமெரிக்காவின் கேஸ் நிறுவனத்திடம் போய்ப் பெயரும் மறைந்தது. இன்று அந்தப் பெயரில் ஹைட்ராலிக் மோட்டார்கள்தான் வருகின்றன. பிரான்சில் தோண்டும் வண்டியை விட்டுப் போன பெயர் கடலூர் மாவட்டத்தில் உயிரோடு இருக்கிறது! ஜேசிபியும் இட்டாச்சியும் இதே மாதிரிப் பொதுப்பெயர் ஆனவைதான். இதை ஒரு அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டால் எந்த ஆபரேட்டர்தான் காசு கொடுத்து வாங்க மாட்டான்?

நெய்வேலி மட்டும் என்ன குறைந்த கதையா? 1935-இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி தென்பட்டது. 1956-இல் நிறுவனம் தொடங்கி, அடுத்த ஆண்டு நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஜெர்மனியிலிருந்து சக்கரத் தோண்டிகள் வந்தன. பெரிய ராட்டினத்தைச் சுற்றி வாளி கட்டிவிட்டது போலிருக்கும். அங்கே அவை வெட்டிப் பழகியது இளகிய மணல். இங்கே மேலே கிடந்ததோ கடலூர் மணற்கல். வாளிப் பற்கள் அரம் போட்டது போலத் தேய்ந்தன. முதலில் வெடி வைத்துப் பாறையை நெகிழ்த்திவிட்டுப் பிறகு வெட்ட வேண்டியிருந்தது. கீழே ஊற்று நீர் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நின்றதால் இரவு பகலாகப் பம்ப் ஓட வேண்டும். அப்பா 700 லிட்டர், 1400 லிட்டர் என்று வாளி அளவை வைத்துத்தான் அந்த இயந்திரங்களைச் சொல்வார், வீட்டு மாடுகளைச் சொல்வது போல. பல் மாற்றிய கைகள் இன்னும் நெய்வேலியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இருக்கின்றன. அவர்கள் போய்விட்டால் கேட்க ஆள் இல்லை.

விளம்பரம் இல்லாமல் இதழ் நடத்த முடியாது என்று சொல்வீர்கள். உண்மைதான். 1879-இல் தொடங்கிய இங்கிலாந்தின் ‘கான்ட்ராக்ட் ஜர்னல்’ 2009-இல் மூடப்பட்டதை நானும் வருத்தத்தோடு படித்தேன். ஆனால் விளம்பரத்தை விளம்பரம் என்று தலையில் எழுதிப் போடலாம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் பௌலிங் கிரீன் ஊரில் பழைய கட்டுமான இயந்திரங்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. அவர்களுடைய ‘எக்விப்மென்ட் எக்கோஸ்’ இதழைக் காலாண்டுக்கு ஒருமுறை தபாலில் பெறுவதற்காகவே பலர் உறுப்பினராக இருக்கிறார்கள். ஆசையுள்ள வாசகன் காசு கொடுப்பான் என்பதற்கு அது எனக்குப் போதுமான சான்று.

கடைசியாக மொழி. என்னிடம் வேலை செய்யும் மூன்று ஆபரேட்டர்களும் தமிழ் நன்றாகப் படிப்பார்கள். மாதம் நான்கு பக்கமாவது தமிழில் போடுங்கள். சொல்லுக்குச் சொல் மாற்றிய மொழிபெயர்ப்பு வேண்டாம். அவர்கள் பேசும் வார்த்தையில், கிரீஸ் அடிப்பது, பின் புஷ், பேட்டா என்றே எழுதுங்கள்.

என் பழைய டயர் வண்டியின் மீட்டர் 11,400 மணி காட்டுகிறது. முதல் நாளிலிருந்து ஒவ்வொரு ஆயில் மாற்றமும், ஒவ்வொரு ஓஸும், ஊற்றிய ஒவ்வொரு கேன் டீசலும் ஒன்பது நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எதையும் மறைக்காமல் தருகிறேன். ஒரு செய்தியாளரையும் ஒரு புகைப்படக்காரரையும் அனுப்புங்கள். காலை ஆறரைக்கு கிரீஸ் அடிக்க ஆரம்பிப்போம்; அதற்கு முன்னால் வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவன்,
கடலூர் மாவட்டம்