வால் நீண்ட கதை

அன்புள்ள மச்சான்,

அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. உடனே பதில் போட முடியாததற்குக் காரணம் போன சனிக்கிழமை ராத்திரி.

இரண்டு மணிக்கு போன். ஆர்டர் எதுவும் சேவ் ஆகவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் எங்கள் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று எழுதிவிட்டுப் படுத்துக் கிடக்கிறது. 200 ஜிபி டிஸ்க்கில் எங்கள் டேட்டா 64 தான். மீதியை ‘வால்’ (WAL) கோப்புகள், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் போஸ்ட்கிரெஸ் முதலில் குறித்து வைக்கும் லாக், தின்றிருந்தன: ஒன்று 16 எம்பி வீதம் சுமார் 8,000 கோப்புகள், 125 ஜிபி. பெயருக்கேற்றபடி அனுமார் வால்!

கூட இருந்த தம்பி, “அண்ணே, லாக்தானே, அழிச்சிடவா?” என்றான். கையைப் பிடித்துக்கொண்டேன். அதில் கை வைத்திருந்தால் டேட்டாபேஸ் திரும்ப எழுந்தே இருக்காது.

டிஸ்க்கை 20 ஜிபி பெரிதாக்கி, ரீசைஸ் செய்து, எழுப்பிப் பார்த்தேன். ரிப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வர் எதுவரை படித்திருக்கிறது என்ற குறிப்பு) பட்டியலில் ஒன்று உயிரில்லாமல் கிடந்தது. ரிப்போர்ட்டுக்காக ஒரு நகல் சர்வர் வைத்திருந்தோம். மூன்று மாதம் முன்பு அதை எடுத்துவிட்டோம், ஸ்லாட்டை எடுக்கவில்லை. காலி செய்து போனவர் பேருக்கு வரும் தபாலையெல்லாம் வீட்டுக்காரர் சேர்த்து வைத்த மாதிரி, அந்த நகல் சர்வர் படிக்க வேண்டிய வால் கோப்புகளை போஸ்ட்கிரெஸ் பத்திரமாக வைத்திருக்கிறது. ஸ்லாட்டை நீக்கி ஒரு செக்பாயிண்ட் (நிலுவை மாற்றங்களை டேட்டா கோப்புகளில் எழுதி முடிப்பது) ஓட்டியதும் மளமளவென்று இடம் திரும்பியது.

எச்சரிக்கை மெயில் வரவில்லையா என்று கேட்பாய். ஒழுங்காகப் போயிருக்கிறது, வேலையை விட்டுப் போனவர் முகவரிக்கு.

ஒரு வருத்தம். எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் ரூட்டுக்கென்று (நிர்வாகி கணக்குக்கு) ஒதுக்கி வைக்கும் 5 சதவீதம், அதாவது 10 ஜிபி, அங்கேயே சும்மா இருந்தது. டியூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு அதை விடுவித்திருந்தாலே சமாளித்திருக்கலாம். தூக்கக் கலக்கத்தில் தோன்றவில்லை. கிளவுடில் டிஸ்க் வளரும், சுருங்காது. அந்த 20 ஜிபிக்கு மாதாமாதம் காசு.

இப்போது ஸ்லாட்டுக்காகச் சேர்த்து வைக்கும் வாலுக்கு வரம்பு போடும் ‘மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்’ அமைப்பை 20 ஜிபி என்று வைத்துவிட்டேன். பதிப்பு 13-இல் வந்த வசதி. நாமாக வைக்காவிட்டால் வரம்பே கிடையாது. அப்புறம், அம்மாக்கள் அஞ்சறைப் பெட்டியில் காசு ஒளித்து வைப்பது போல 2 ஜிபிக்கு ஒரு டம்மி கோப்பும் போட்டிருக்கிறேன், ஆபத்துக்கு அழிக்க.

உங்கள் ஆபீஸிலும் போஸ்ட்கிரெஸ்தான் என்றாயே, திங்கட்கிழமை போனதும் ஸ்லாட் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடு. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா?

உன்,
பழைய அறைத்தோழன்