மாத்திரையை நிறுத்தாதே, பாப்பா

தண்டையார்பேட்டை
ஞாயிறு இரவு

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று போனில் பேச்சோடு பேச்சாக ரெண்டு விஷயம் சொன்னாய். எடை குறைக்கிற ஆபரேஷனுக்கு அப்புறம் கொடுத்த சத்து மாத்திரை வாடையே குமட்டுகிறது, பத்து நாளாகத் தொடவில்லை என்றாய். ஆபீஸில் எல்லாரும் உன் சாப்பாட்டு டப்பாவையே பார்க்கிறார்கள், அதனால் மதியம் சாப்பிடுவதில்லை என்றாய். "பசியே எடுக்கலைம்மா, அப்புறம் எதுக்கு?" என்று கேட்டாய். எனக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை. வந்திருந்தாலும் நீ "சரிம்மா, சரிம்மா" என்று போனை வைத்திருப்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். அவசரமாகப் படிக்காதே.

உன்னிடம் இத்தனை நாள் மறைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2019-ல் எனக்கும் எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது 108 கிலோ இருந்தேன். ஒன்றரை வருடத்தில் 72-க்கு வந்தேன். சுகர் மாத்திரையைக் குறைத்தார்கள், முட்டிவலி போயிற்று, கல்மண்டபத்தில் காய்கறி வாங்கிக்கொண்டு பையோடு வீடுவரை நடந்தே வந்தேன். இதுவரை நீ பார்த்தாய். அதற்கப்புறம்தான் நான் தப்பு செய்தேன். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று சத்து மாத்திரைகளை ஒவ்வொன்றாக விட்டேன். கொரோனா சமயம் வேறு, ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே பயம். வருடா வருடம் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனையும் அதோடு நின்றது. 2022-ல் ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து வரும்போது பின்னால் வந்த பையன் ஒருவன் ஓடிவந்து, "ஆயா, உன் செருப்பு அங்கயே கெடக்குது" என்றான். இடது கால் செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. பாதம் மரத்துப்போயிருந்தது.

அதற்கு முன்பே காலில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது, நாக்கு சிவந்து எரிந்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. உன்னிடம் "வயசாகுதுல்ல" என்று சொல்லிவந்தேன். பரிசோதித்துப் பார்த்தால் பி12 அடிமட்டத்தில் இருக்கிறது, ரத்தமும் குறைவு. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி, அப்புறம் வாரத்துக்கு ஒன்று, இப்போது மாதத்துக்கு ஒன்று. கால் உணர்ச்சி திரும்ப எட்டு மாதம் பிடித்தது. இடது கால் சுண்டுவிரல் இன்றுவரை முழுசாகத் திரும்பவில்லை.

டாக்டர் எனக்குச் சொன்ன காரணத்தை உனக்கும் சொல்கிறேன். பி12 உடம்பில் சேர வேண்டுமென்றால் இரைப்பையில் சுரக்கிற அமிலமும் இன்னொரு பொருளும் வேண்டும். எனக்கு செய்தது பைபாஸ். சாப்பாடு பழைய இரைப்பையைத் தொடாமலே குடலுக்குப் போய்விடுகிறது. உனக்கு செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். ரெண்டிலுமே சாப்பாட்டிலிருந்து மட்டும் அந்தச் சத்து போதுமான அளவு கிடைக்காது. ஈரலில் பழைய சேமிப்பு இருக்கும், அதை உடம்பு மெல்ல மெல்லச் செலவழிக்கும். அதனால் இன்றைக்கு மாத்திரையை நிறுத்தினால் நாளைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வருடம், ரெண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். பத்து நாள் நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லையே என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

குமட்டினால் மாற்று வழி கேள், நிறுத்தாதே. வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுப் பார். மென்று சாப்பிடுகிற மாத்திரை இருக்கிறது, கரைத்துக் குடிப்பது இருக்கிறது. இரும்புச் சத்து மாத்திரைதான் அதிகமாகக் குமட்டும், அதை ராத்திரிக்கு மாற்றலாமா என்று கேள். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாதே, நடுவில் ரெண்டு மணி நேரமாவது வேண்டும். டீயோடும் இரும்பு வேண்டாம். கால்சியத்தை எதற்கு ரெண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டாயே, ஒரே வேளையில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாதாம். உனக்கு மாதவிலக்கு வேறு இருக்கிறது. இரும்பு விஷயத்தில் என்னைவிட நீதான் கவனமாக இருக்க வேண்டும்.

இப்போது பசி. உனக்குப் பசி எடுக்காததற்குக் காரணம் உண்டு. கிரெலின் என்கிற பசியைத் தூண்டும் சுரப்பு, இரைப்பையின் மேல்பக்கத்தில்தான் அதிகம் உண்டாகிறது. அந்தப் பக்கத்தைத்தான் உனக்கு எடுத்திருக்கிறார்கள். அதனால் உன் வயிறு கேட்காது, ஆனால் உடம்புக்கு வேண்டியது வேண்டியதுதான். ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரோட்டீன் போக வேண்டும். போகாவிட்டால் கொழுப்போடு சேர்த்து சதையும் கரையும். எடை காட்டும் மெஷினில் குறைந்தது என்று நீ சந்தோஷப்படுவாய், குறைந்தது தொடைச் சதை.

கூட்டிப் பார். ஒரு முட்டையில் 6 கிராம். ரெண்டு முட்டை 12. வெந்த மீன் 100 கிராமில் கிட்டத்தட்ட 20. ஒரு டம்ளர் பாலில் 6. சின்னக் கிண்ணம் கெட்டிப் பருப்பில் 5, 6. ஒரு இட்லியில் ரெண்டு கிராம்தான். மதிய வேளையை விட்டால் எப்படி 60 வரும்? இந்தக் கணக்கில் பவுடர் ஒரு ஸ்கூப் சேர்த்தால்தான் நாள் நிறைகிறது. பசி வந்து சாப்பிடுவதை இந்த ஒரு வருடத்துக்கு மறந்துவிடு. மணி பார்த்துச் சாப்பிடு. சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் மணி அடித்ததும் முட்டை எண்ணிக் கொடுத்தவள் நான். பசிக்கிறதா என்று எந்தப் பிள்ளையையும் கேட்டுவிட்டுக் கொடுத்ததில்லை.

ஆபீஸில் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். இங்கேயும் கேட்டார்கள். சுகர் வந்துவிட்டதா என்று ஒருத்தி, பைபாஸ் என்றதும் இதயத்தில் அடைப்பா என்று இன்னொருத்தி. "வயித்துல ஆபரேஷன் ஆச்சு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிடணும்" என்று ஒரே வரி சொன்னேன், அதற்குமேல் யாருக்கும் விளக்கவில்லை. நீயும் அவ்வளவு சொன்னால் போதும். கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காவிட்டால் அரை மணி முன்னால் போ. ஆனால் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு சாப்பிடு. உனக்குச் சோறு நெஞ்சில் நிற்கிறதென்றால் பெரும்பாலும் எடுக்கிற வாய் பெரிதாக இருக்கும், இல்லை வேகமாகச் சாப்பிட்டிருப்பாய். சின்ன ஸ்பூனில் எடு, கூழாகும்வரை மெல், ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அடுத்த வாய்க்குப் போ. முதலில் முட்டையோ மீனோ பருப்போ, அப்புறம் காய், இடம் இருந்தால் கடைசியில் சோறு. குழைந்த சோறும் பிரட்டும் உள்ளே போய் மாவாகத் திரண்டு நின்றுகொள்ளும். எனக்கு இப்போதும் நிற்கிறது.

தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காதே, சாப்பிட்ட பின் அரை மணி நேரம் போகட்டும். அதற்காகக் குடிக்காமலும் இருந்துவிடாதே, ஒரு நாளைக்கு ஒன்றரை, ரெண்டு லிட்டர் போக வேண்டும். நீ சின்ன வயதிலிருந்து சொம்பை அண்ணாந்து மடமடவென்று குடிப்பவள். அந்தப் பழக்கத்தை விடு. காற்றும் சேர்ந்து போய் நெஞ்சை அடைக்கும். வாய் வைத்து ஒவ்வொரு மடக்காகக் குடி. சோடா, கோலா எதுவும் வேண்டாம்.

இன்றைக்குக் காலையில் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். ஞாயிறு கூட்டம் உனக்குத் தெரியும், கால் வைக்க இடமில்லை. கிழங்கான் மீன் நன்றாக வந்திருந்தது. எனக்கு ஆபரேஷன் முடிந்து குழைத்த சாப்பாட்டுக்கு வந்தபோது உன் பாட்டி முதலில் செய்து கொடுத்தது கிழங்கான்தான். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரனுக்கும் அதைத்தானே கொடுப்போம். சதை பஞ்சு மாதிரி, முள்ளை எடுத்துவிட்டால் விரலால் நசுக்கினாலே கரைந்துவிடும். புளி குறைத்து, காரம் குறைத்து, மீனை மட்டும் எடுத்துச் சாப்பிடு, குழம்பை ஊற்றிக்கொள்ளாதே. இன்னொன்று சுறாப்புட்டு. பால் சுறா கிடைத்தால் வேகவைத்து உதிர்த்து, வெங்காயம், இஞ்சி, பூண்டு போட்டு ஒரு ஸ்பூன் எண்ணெயில் கிளறு. ஏற்கெனவே உதிர்ந்திருப்பதால் சிக்கல் இல்லாமல் இறங்கும், ஈரம் மட்டும் இருக்க வேண்டும். மத்தியும் நல்லது, விலையும் மலிவு. வஞ்சிரத்தை வறுத்தால் காய்ந்து கட்டையாகி நெஞ்சில் நிற்கும், இப்போதைக்கு அதைத் தொடாதே. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறிவிடும். அந்த ரெண்டு மாதமும் நான் முட்டை, பாசிப்பருப்பு, பனீர் என்று மாறிக்கொள்வேன். கருவாடு பக்கம் அடிக்கடி போவதில்லை, உப்பு.

மறைத்ததில் ரெண்டாவதும் உண்டு. மூன்றாம் வருடம் எடை 82-க்கு ஏறியது. பிரியாணி சாப்பிட்டு ஏறவில்லை, பாப்பா. சாயங்காலம் டீக்கு ரெண்டு பிஸ்கட், டிவி பார்க்கும்போது கை நிறைய மிக்சர், கோயிலில் கொடுத்த சர்க்கரைப் பொங்கல், அவ்வளவுதான். மொறுமொறுப்பாக இருப்பதெல்லாம் வாயிலேயே கரைந்து சரசரவென்று இறங்கிவிடும். வயிறு நிறைந்தது என்றே தெரியாது. ஒரு துண்டு மீன் உள்ளே நின்று போதும் என்று சொல்லும், முறுக்கு சொல்லாது. முதல் வருடம் உன் வயிறே உன்னைத் தடுக்கும். அப்புறம் பசி கொஞ்சம் திரும்பும், கொள்ளளவும் கூடும். அதற்குள் மணிக்குச் சாப்பிடுவது, மென்று சாப்பிடுவது, நடுவில் கொறிக்காமல் இருப்பது எல்லாம் உன் கையோடு வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. மறுபடி டயட்டீஷியனிடம் போய், வெட்கப்படாமல் எல்லாவற்றையும் ஒப்பித்து, இப்போது 76-ல் நிற்கிறேன். நடையும் உண்டு. காலையில் ராபின்சன் பூங்காவில் நாற்பது நிமிடம், மெட்ரோவில் போனால் எஸ்கலேட்டர் ஏறாமல் படி. நீ வெயிட் தூக்குவதையும் டாக்டரிடம் கேட்டுத் தொடங்கு, சதை நிற்க அதுதான் வேண்டும்.

இன்னும் சில விஷயம், நேராகவே சொல்கிறேன். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டும், சீப்பு நிறைய வரும். பயப்படாதே, புரோட்டீனும் இரும்பும் சரியாகப் போனால் சில மாதத்தில் திரும்பி வளரும். தலைவலி, இடுப்புவலி என்று மெடிக்கலில் நீயாக டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடாதே, வயிற்றில் புண் வரும். பாராசிட்டமால் போதும். ஆபீஸ் பார்ட்டியில் குடிப்பதைப் பற்றி அம்மாவிடம் பேச உனக்குக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேள்: இந்த வயிற்றில் அது சட்டென்று ரத்தத்தில் ஏறும், பழக்கமாகவும் மாறும். சாப்பாட்டில் தேடிய ஆறுதலை அதில் தேடிப் போனவர்கள் உண்டு. வேண்டாம்.

குழந்தை விஷயம். ஆபரேஷனுக்கு அப்புறம் 12-லிருந்து 18 மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எடை குறையும்போது கர்ப்பம் முன்பைவிடச் சீக்கிரம் உண்டாகலாம், அதனால் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்டு வழி செய்துகொள். உன் மாமியார் கேட்டால் என்னிடம் பேசச் சொல். அவர்களும் நல்லதைத்தான் நினைப்பார்கள், நான் எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

வாந்தி எப்போதாவது ஒரு தடவை வந்தால் வேகமாகச் சாப்பிட்டிருப்பாய். ரெண்டு நாள் தொடர்ந்து எதுவும் தங்காமல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. தயமின் என்கிற பி1 சத்து சில வாரத்திலேயே காலியாகிவிடும், அது மூளையையும் நரம்பையும் பாதிக்கும். அதில் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே.

பொங்கலுக்கு வரும்போது உன் அத்தை இலையில் வடையும் பாயசமும் வைத்து "ஒரு வாய்தானே" என்பாள். போன வருடம் கல்யாண வீட்டில் பாயசம் குடித்துவிட்டு நான் அரை மணியில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, மண்டப வராந்தாவில் படுத்துக் கிடந்ததை அவளே பார்த்தவள், இருந்தாலும் வைப்பாள். நான் உன் பக்கத்திலேயே உட்காருகிறேன். உனக்குத் தனியாகக் கிண்ணம் வாங்கி வைத்திருக்கிறேன், சின்ன எவர்சில்வர் கிண்ணம், பழைய தட்டில் பாதிகூட வராது. பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், சாப்பிட ஆசை என்றாய். அத்தோ இப்போது வேண்டாம். அங்கே அவித்த முட்டையைக் கீறி வெங்காயம் வைத்துத் தருவார்களே, அதில் எண்ணெய் வெங்காயத்தைத் தள்ளிவிட்டு முட்டையை மட்டும் சாப்பிடலாம், டாக்டர் சரி என்றால். நானும் கூட வருகிறேன்.

நாளைக்குக் காலையில் பத்து மணிக்கு உன் டாக்டர் ஆபீசுக்குப் போன் செய்து மாத்திரையை மாற்றித் தரச் சொல். மதியம் டப்பாவில் என்ன கொண்டுபோகிறாய் என்று இப்போதே அனுப்பு. பத்தரைக்குக் கூப்பிடுவேன்.

அம்மா