எடைக்குப் போடுவதற்கு முன்: மாடிப்படிக் கிராதிகள் குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டடப் பராமரிப்பு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். மாடிப்படியில் இருந்த வார்ப்பிரும்புப் பூவேலைக் கிராதிகள் பின்முற்றத்தில் மழையில் கிடப்பதும், பழைய இரும்பு ஏலப் பட்டியலில் ஏறிவிட்டதும் தாங்கள் அறிந்ததே. அந்த ஏலத்தை நிறுத்திவைக்க வேண்டுகிறோம்.

கோப்பில் ‘கழற்றப்பட்டது’ என்று இருக்கிறதாம். கழற்றவில்லை, கேஸ் கட்டரால் அறுத்தார்கள். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒரு முளை உண்டு. படிக்கல்லில் குழி வெட்டி, முளையை இறக்கி, ஈயத்தை உருக்கி ஊற்றி இறுக்கியிருப்பார்கள். ஈயம் மெத்தென்றது. சுற்றிலும் துளை போட்டு நெம்பினால் முளை முழுசாக வந்திருக்கும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கல் மட்டத்தோடு அறுத்ததால் முளை கல்லுக்குள் மாட்டிக்கொண்டது. அது துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் படிக்கல் பிளக்கும். வெளியே வந்த கம்பத்துக்கோ நிற்கக் கால் இல்லை. துண்டுகளுக்கு எண்ணும் போடவில்லை. எது எந்தப் படிக்கு உரியது என்று இனி முறிவு விளிம்புகளைப் பொருத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். அதனால் சாதாரண வெல்டிங் ராடு வைத்தால், பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். முன்சூடு ஏற்றி, நிக்கல் ராடு வைத்து, மெல்ல ஆறவிடத் தெரிந்தவரே தொட வேண்டும். கிரைண்டரும் வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி வேலையாட்களின் நுரையீரலுக்குப் போகும். பெயிண்ட் அடுக்குகளில் ஓரிடத்தையாவது சுரண்டாமல் விட்டால்தான் முதலில் அடித்த நிறம் எது என்று தெரியவரும்.

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் தேவாலயத்தில் 1862-இல் செய்த பெரிய உலோகத் திரையை 1967-இல் கழற்றினார்கள். பல ஆண்டுகள் பிரித்தபடியே கிடந்தது. 2001-இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் முழுசாக நின்றது. எடைக்குப் போடாததால்தான் அது முடிந்தது. நமக்கு லண்டன் வரை போகவும் தேவையில்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு 1930 முதல் இருக்கிறது. ஒரு கடிதம் போட்டிருக்கலாம்.

பாரம்பரிய வார ஃபிளெக்ஸ் பேனரை இதே கிராதியில்தான் கட்டினீர்கள். அடுத்த முறை எதில் கட்டுவதாக உத்தேசம்?

மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு. தயவுசெய்து ஏலத்தை நிறுத்துங்கள். துண்டுகளில் சிறு தகர வில்லைகளைக் கட்டி எண்ணிட்டு, படமெடுத்து, பட்டியலிடுங்கள். கட்டடத்தின் முன்கூடத்திலேயே ஒரு படிவரிசை அளவுக்காவது நிறுத்திக் காட்டலாம். தொங்கவிடாதீர்கள், வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கீழிருந்து எஃகுச் சட்டம் தாங்கட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டமானால் இரண்டு உலோகமும் தொடாதபடி இடையில் நைலான் வாஷர் வேண்டும். இல்லையேல் கடற்காற்றின் உப்பு ஈரத்தில் கிராதிதான் அரிக்கும்.

அதுவரை, தரையில் படாமல் மரக்கட்டைமேல் அடுக்கி, காற்றோட்டம் விட்டுத் தார்ப்பாய் போடச் சொல்லுங்கள். அதற்கு டெண்டர் தேவைப்படாது என்று நம்புகிறோம்.

இப்படிக்கு,
பழைய உலோக வேலைப்பாடுகளைப் பழுதுபார்ப்போர்