வீரப் பதக்கங்களுக்குக் கீழே எழுதுகிறவர்களுக்கு

நியூசிலாந்து அருங்காட்சியகங்களில், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளோடு பிரிட்டிஷார் நடத்திய 1860களின் போர்களில் கிடைத்த பதக்கங்களுக்கு விளக்க அட்டை எழுதும் நண்பர்களுக்கும், அதே பதக்கங்கள் ஏலத்துக்கு வரும்போது விவரப் பட்டியல் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம். நான் இந்த நாட்டுக்குக் குடிவந்தவன். வரலாற்று ஆய்வாளன் அல்லன். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, அட்டையைக் கடைசி வரி வரை படிக்கும் கெட்ட பழக்கம் மட்டும் உண்டு. அப்படிப் படித்ததில் வந்த மனத்தாங்கல்தான் இந்த மடல்.

உங்கள் அட்டைகளில் பல, ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. பெயர், படைப்பிரிவு, இடம், தேதி, செய்த தீரச்செயல். எதிரே நின்றவர்களுக்கு ஒரே ஒரு சொல், அதுவும் பெரும்பாலும் 'எதிரி'. அந்த எதிரி தன் சொந்த ஊரில், தன் உருளைக்கிழங்கு வயலுக்குப் பக்கத்தில் ஏன் துப்பாக்கியோடு நின்றான் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

சார்ல்ஸ் ஹீஃபியை எடுத்துக்கொள்கிறேன். 1864 பிப்ரவரி 11, வைகாட்டோ பகுதியின் மங்காபிகோ ஆற்றங்கரை. குளிக்கப் போன சிப்பாய்கள் மீது மாவோரிகள் பாய்ந்தார்கள். பள்ளத்தில் விழுந்து கிடந்த 40ஆம் படைப்பிரிவுச் சிப்பாய் ஒருவனுக்கு உதவ ஹீஃபி போனார். சில அடி தூரத்திலிருந்து சுட்டார்கள். ஐந்து குண்டுகள் உடையையும் தொப்பியையும் துளைத்தன. உடம்பில் மூன்று காயம். அப்படியும் பொழுது முடியும்வரை காயம்பட்டவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். 1867இல் அவருக்குப் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. நிரந்தரப் படையைச் சேராத குடிப்படைக்காரர் ஒருவருக்கு அந்தப் பதக்கம் போனது அதுவே முதல் முறை. அட்டை எழுதுபவர்களுக்கு இந்த 'முதல்' மிகவும் பிடிக்கும். பிடிக்கட்டும். அந்த மனிதரின் துணிச்சலில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

ஆனால் அந்தச் சண்டைக்குப் பத்தே நாள் கழித்து, பிப்ரவரி 21 விடியற்காலையில், அதே படை மாவோரிக் கோட்டைகளைச் சுற்றிக்கொண்டு போய் ரங்கியாஓஃபியா என்ற காவலற்ற ஊருக்குள் புகுந்தது. கோதுமையும் பழத்தோட்டமுமாகச் செழித்து, ஆக்லாந்துக்கே உணவு அனுப்பிய ஊர் அது. வீட்டுக்குள் ஆட்கள் இருக்கும்போதே வீடு எரிந்தது. பிறகு வைகாட்டோவில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் பறிமுதல். பறித்த நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்தவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? நம் ஹீஃபியேதான். தொழிலால் அவர் நில அளவையாளர். 1869இல் அவரை மாவோரி ஒதுக்கீட்டு நிலங்களுக்கு ஆணையராகவும் ஆக்கினார்கள். மார்பில் பதக்கமும் கையில் அளவுச் சங்கிலியும் ஒரே மனிதருக்குத்தான். அட்டைகளுக்கு மார்பு மட்டும் போதுமாயிருக்கிறது.

அந்தப் பறிமுதல் அநீதி என்பதை அரசே ஒப்புக்கொண்டு, 1995இல் மன்னிப்பைச் சட்டத்தில் எழுதியது. எலிசபெத் ராணி வெலிங்டனில் தன் கையாலேயே அதில் ஒப்பமிட்டார். ராணிக்குக் கூசாத வரி அட்டைக்கு ஏன் கூச வேண்டும்?

அடுத்து, 1864 ஏப்ரல் 29, தௌரங்காவில் கேட் பா. மாவோரிகள் அதைப் புகேஹினாஹினா என்பார்கள். சுமார் 1,700 பேர் கொண்ட பிரிட்டிஷ் படை, சுமார் 230 பேர் காத்த மண்கோட்டையில் மோதித் தோற்றுத் திரும்பியது. அன்றைக்கு இரண்டு விக்டோரியா கிராஸ்: தளபதி ஹேயைச் சுமந்து வந்த மாலுமி சாமுவேல் மிட்செலுக்கு ஒன்று, அந்தத் தளபதிக்குச் சிகிச்சை செய்த மருத்துவர் மேன்லிக்கு ஒன்று. இரண்டுமே உயிர் காக்கப் போனதற்குக் கிடைத்தவை. இரவில் அதே கோட்டைக்குள், அடிபட்டுக் கிடந்த பிரிட்டிஷ் கர்னல் பூத்துக்கும் மற்றச் சிப்பாய்களுக்கும் தண்ணீர் கொடுத்தவர் ஹேனி தே கிரிகராமு என்ற மாவோரிப் பெண். மிட்செலின் பதக்கத்துக்குக் கீழே ஹேனியின் பெயரும் இருந்தால் மிட்செல் ஒன்றும் சிறுத்துப்போக மாட்டார்.

எல்லாமே வெள்ளையர் ஒரு பக்கம், மாவோரி ஒரு பக்கம் என்று முடிந்துவிடுவதும் இல்லை. உள்ளூர்ப் படையினருக்காக ஆளுநர் போவன் 1869இல், லண்டனைக் கேட்காமலேயே, நியூசிலாந்து கிராஸ் என்ற பதக்கத்தை உருவாக்கினார். லண்டன் முகம் சுளித்தது, பிறகு ஒப்புக்கொண்டது. மொத்தமே 23 பேருக்குத்தான் கொடுத்தார்கள். அரிது என்பதால் ஏலக்காரர்களுக்கு நாக்கில் நீர் ஊறுகிறது. அதைப் பெற்றவர்களில் ஒருவர், அரசின் பக்கம் நின்று போரிட்ட நாட்டி போரௌ என்ற மாவோரிக் குலத்தின் தலைவர் ரோபாட்டா வஹாவஹா. 1868 டிசம்பரில், அரசை எதிர்த்துப் போரிட்ட மாவோரித் தலைவர் தே கூட்டியின் ஙாடாபா மலைக்கோட்டை மீதான முதல் தாக்குதலில், மற்றவர்கள் பின்வாங்கிய பிறகும் நின்று போரிட்டதற்காக. அடுத்த மாதம் கோட்டை விழுந்ததும், பிடிபட்ட கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். 86 முதல் 128 பேர் வரை இருக்கலாம் என்று, மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயம் 2004இல் கணக்கிட்டது. அதற்கெல்லாம் முன், 1868 நவம்பரில், தே கூட்டியின் ஆட்கள் மாட்டாவேரோ என்ற ஊரில் குழந்தைகளைக்கூட விட்டுவைக்கவில்லை என்பதும் இதோடு சேர்ந்தது. பதக்கம் டிசம்பருக்கு. நவம்பரையும் ஜனவரியையும் விட்டுவிட்டு டிசம்பரை மட்டும் சொல்வது எந்த ஊர் நியாயம்?

இடமில்லை என்பீர்கள். நாட்டின் தேசிய அருங்காட்சியகமான தே பாப்பாவின் சேகரிப்பில் தமிழ் எழுத்துப் பொறித்த ஓர் உடைந்த கப்பல் மணி இருக்கிறது. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் எழுதியிருக்கிறது. பாதிரியார் கொலென்சோ 1830களில் அதைக் கண்டபோது மாவோரிகள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் மணி என்பதையும் சமையல் பாத்திரம் என்பதையும் சேர்த்துத்தான் எல்லோரும் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். உடைந்த வெண்கலத்துக்கு இரண்டு வாழ்க்கை எழுத இடம் கிடைக்கிறது.

பதக்கங்களைக் கழற்றிக் கிடங்கில் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. போட்டால் முதலில் வருந்துபவன் நானாகத்தான் இருப்பேன். 2015இல் ஓடொரோஹங்கா பள்ளி மாணவர்கள் 12,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு நாடாளுமன்றப் படியேறி, இந்தப் போர்களை நாடு நினைவுகூர வேண்டும் என்று கேட்டார்கள். அந்தத் தலைமுறையும் உங்கள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கும்.

ஹீஃபிக்கு நானே ஓர் அட்டை எழுதிப் பார்த்தேன். வேண்டுமானால் திருத்திக்கொள்ளுங்கள்:

"சார்ல்ஸ் ஹீஃபி, ஓவியர், நில அளவையாளர், குடிப்படை அதிகாரி. 1864 பிப்ரவரி 11 அன்று மங்காபிகோவில், தங்கள் நிலத்தைக் காக்க வந்த மாவோரிகளின் குண்டுகளுக்கு நடுவே, காயம்பட்ட சிப்பாய்க்கு உதவினார். போருக்குப் பின் அந்த மக்களிடமிருந்து பறித்த நிலத்தை அளந்தார்."

இப்படிக்கு,
கடைசி வரி வரை படிக்கும் ஒரு பார்வையாளன்