ஊர் போன பிறகும் நின்ற கோயில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பாழடைந்து கிடக்கும் வாரம் பெர்சி புனித மார்ட்டின் கோயில் பற்றிய கட்டுரையில், கொள்ளைநோயில் ஊர் அழிந்தது, கோயிலும் அதோடு போயிற்று என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் சரியில்லை. 1349 கொள்ளைநோயைத் தாங்கிக்கொண்டு ஊர் மேலும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. 1500-ஐ ஒட்டித்தான், உழவைவிட ஆட்டு ரோமத்தில் காசு அதிகம் என்று மிச்சக் குடும்பங்களையும் கிளப்பிவிட்டார்கள். கோயிலில் 1949 வரை வழிபாடு நடந்தது. அந்தப் பங்கில், அதாவது அந்தக் கோயிலுக்கு உட்பட்ட பகுதியில், ஐந்து ஊர்கள் அடங்கியிருந்ததே காரணம். அவற்றில் திக்சென்டேலுக்கு 1870-இல் தனிக்கோயில் வந்ததும் இங்கே ஆள்வரத்து குறைந்தது.

இதைத் தெற்குச் சுவரே சொல்லும். பெரிய வளைவுகளைக் கல்லால் அடைத்து, அடைப்புக்குள் சன்னல் வைத்திருக்கிறார்கள். அந்த வளைவுகளுக்கு அப்பால் ஒரு பக்கக்கூடம் இருந்தது. கூட்டம் பெருகியபோது கட்டியது, ஆள் குறைந்ததும் இடித்துவிட்டார்கள்.

கோயிலை வீழ்த்தியது மழைதான். வழிபாடு நின்றபின் கூரையின் ஈயத்தகடுகள் திருடுபோயின. ஓடு நகர்ந்த வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் முதலில் சுவரின் தலையில்தான் இறங்கும். சுவர்களின் உள்ளே இட்டு நிரப்பிய கல்லும் சாந்தும் ஊறி, குளிரில் உறைந்து விரிந்து, கற்களைத் தள்ளிவிடும். 1959-இல் கோபுரத்தின் ஒரு பாதி சரிந்தது.

கல்லறைத் தோட்டத்தில் இன்று நிற்கும் கற்கள் பிற்காலத்தவை. அகழ்வில் கிடைத்த ஏறத்தாழ 700 எலும்புக்கூடுகளில் பெரும்பாலானவை இடைக்காலத்தவை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தோண்டிப் புதைத்ததால் ஆழத்தை வைத்து வயது சொல்ல முடியாது. உடன் வைத்த பொருளும் இல்லை. அதனால் எலும்பில் மிஞ்சியுள்ள கதிரியக்கக் கரியை அளந்து வயது சொல்லும் ரேடியோகார்பன் முறையை நம்ப வேண்டியதாயிற்று. அக்காலத்துப் பத்து வயதுப் பிள்ளைகள் இன்றைய பிள்ளைகளைவிட ஏறக்குறைய 20 செ.மீ. குள்ளம், ஆனால் தாய்ப்பால் ஏறக்குறைய ஒன்றரை வயதுவரை கிடைத்திருக்கிறது.

கத்தி வெட்டும் தீக்காயமும் உள்ள 137 எலும்புத் துண்டுகளையும் கட்டுரை கல்லறைத் தோட்டக் கணக்கில் சேர்த்துவிட்டது. அவை வீட்டுப் பகுதியிலிருந்த குழிகளில் கிடைத்தவை, குறைந்தது பத்துப் பேருடையவை. பசிக்குத் தின்ன அறுத்திருந்தால் வெட்டு பெரும்பாலும் மூட்டுகளில் விழுந்திருக்கும். இங்கே தலையையும் கழுத்தையும் சுற்றி விழுந்திருக்கிறது. செத்தவர் எழுந்து நடமாடுவார் என்ற பயத்தில் செய்ததாக இருக்கலாம் என்பது 2017-இல் வந்த ஆய்வின் கருத்து. அந்த எலும்புகளோடு கிடைத்த பற்களைச் சோதித்ததில், அக்கம்பக்கத்திலேயே வளர்ந்தவர்கள் என்று தெரிந்தது. வெளியூர்க்காரர்களை வெட்டினார்கள் என்ற ஊகத்துக்கும் இடமில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை