மஸ்டாங் வீட்டுக்குள் கார்வெட் வந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மசில் கார் பிரியர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ஃபோர்டு மஸ்டாங் வைத்திருக்கும் ஒருவர் செவர்லே கார்வெட் வாங்குவதைக் கட்சி தாவலோடு ஒப்பிட்டு முடிந்திருந்தது. அந்த ஒப்பீட்டை மறுத்துத்தான் எழுதுகிறேன். மஸ்டாங்காரர்களிடமே கேட்டுப் பாருங்கள்: செவர்லேயின் இன்னொரு காரான கமாரோவை வாங்குவது வேறு, கார்வெட் வாங்குவது வேறு என்பார்கள். எதிர்முகாமின் காரை வாங்கியவரைப் பிற்பாடு பாடாய்ப் படுத்துவது பழைய காரில் பழகிய கைதான். கட்டுரை அந்தப் பக்கமே போகவில்லை.

1964 ஏப்ரலில் மஸ்டாங் வந்தது. அதற்குப் போட்டியாகவே 1967 மாடலாகக் கமாரோ வந்தது. இரண்டிலும் நான்கு இருக்கை, நீண்ட முகம், குட்டைப் பின்பக்கம். இவற்றுக்கு நடுவே இருப்பது பங்காளிப் பகை. கார்வெட்டோ இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார். 1953இல் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் 300 வண்டிகளோடு தொடங்கியது. அதற்கு ஃபோர்டு ஒரு காலத்தில் பலமாகவே பதில் கொடுத்தது. 1955 மாடல் ஆண்டில் இரண்டு இருக்கை ஃபோர்டு தண்டர்பேர்டு 16,155 வண்டிகள். கார்வெட் வெறும் 700. ஆனால் 1958இல் தண்டர்பேர்டில் பின் இருக்கை வைத்ததோடு ஃபோர்டு அந்தக் களத்தைக் காலி செய்துவிட்டது. பிறகு வந்த ஃபோர்டு ஜிடி என்ற இரண்டு இருக்கைக் காரின் விலை சாதாரண ஆளுக்கு எட்டாது. 2005, 2006 மாடல்கள் இரண்டும் சேர்த்தே 4,038 வண்டிகள்தான். ஆகவே, 'ஃபோர்டு செய்யாத காரைச் செய்கிறவரிடம் வாங்கினேன்' என்று ஒரு மஸ்டாங்காரர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

இன்று எதிர்த்திசையிலும் ஆட்கள் நகர்கிறார்கள். 2020 மாடலில் கார்வெட்டின் என்ஜின் நடுவுக்குப் போனது. கிளட்ச் பெடலும் போய்விட்டது. 2023 டிசம்பரில் கமாரோவும் டாட்ஜ் சேலஞ்சரும் நின்றுபோயின. புதிய வி8 (எட்டு சிலிண்டர்) மசில் காரில் கையால் கியர் மாற்றி ஓட்ட விரும்பும் செவர்லேகாரர் மஸ்டாங் ஜிடியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விசுவாசத்தை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. டெட்ராய்ட் வட்டாரத்தில் அது சோற்றோடு சேர்ந்த விஷயம். 2006இல் டியர்போர்ன் டிரக் ஆலையில் வேற்றுக் கம்பெனி வண்டியில் வருகிற தொழிலாளர்கள் தள்ளித்தான் நிறுத்த வேண்டும் என்று ஃபோர்டு விதி கொண்டுவந்தது. அப்பா எந்த ஆலையில் வேலை பார்த்தாரோ அந்த முத்திரைதான் வீட்டு வாசலில் நிற்கும். ஆனால் ஆலையை வைத்தே கணக்குப் பார்த்தாலும் குழப்பம்தான்: கமாரோ 1993 முதல் 2002 வரை கனடாவின் கியூபெக்கிலும், 2010 முதல் 2015 வரை ஒன்டாரியோவின் ஓஷாவாவிலும் செய்யப்பட்டது, சேலஞ்சர் கடைசிவரை பிராம்ப்டனில், அதுவும் ஒன்டாரியோதான். கார்வெட் 1981 முதல் கென்டக்கியின் பவுலிங் கிரீனில்.

காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால் இந்தப் பகை இன்னும் மெலிந்துவிடும். 2018 மஸ்டாங்கில் வந்த 10 கியர் ஆட்டோமேட்டிக்கும் கமாரோ இசட்எல்1இல் வந்த 10 கியர் ஆட்டோமேட்டிக்கும் ஃபோர்டும் செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக வடிவமைத்தவை. டிரெமெக் நிறுவனத்தின் டிஆர்-6060 என்ற ஆறு கியர் பெட்டி, கமாரோ எஸ்எஸ், சேலஞ்சர், மஸ்டாங் ஷெல்பி ஜிடி500 என்று மூன்று முகாம்களிலும் இருந்தது.

'மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்' என்பதுபோல, தன் முத்திரையின் குறை யாருக்கும் உறைப்பதில்லை. 2011க்குப் பிந்தைய மஸ்டாங் ஜிடியின் எம்டி-82 கியர்பெட்டி குளிரில் இரண்டாம் கியருக்குப் போக முரண்டு பிடிக்கும். அதே காரின் கொயோட்டி என்ஜினில் ஆயில் பம்ப்பின் பல்சக்கரம் உலோகத்தூளை அழுத்திச் செய்தது, சூப்பர்சார்ஜர் பூட்டி உச்சச் சுழற்சியில் விரட்டினால் நொறுங்கக்கூடியது. செவர்லே பக்கம், 2010-15 ஆட்டோமேட்டிக் கமாரோ எஸ்எஸ்ஸின் எல்99 என்ஜின் பெட்ரோல் மிச்சத்துக்காக நான்கு சிலிண்டர்களை அணைத்துவைக்கும். அந்த ஏற்பாட்டுக்கான, வால்வுகளைத் தூக்கும் லிஃப்டர்கள் சிக்கிக்கொண்டால் கேம்ஷாஃப்டையும் தின்றுவிடும். அதே ஆண்டுகளின் மேனுவல் கமாரோ எஸ்எஸ்ஸில் இருக்கும் எல்எஸ்3 என்ஜினில் அந்த ஏற்பாடே இல்லை. பழைய கமாரோ தேடுகிறவருக்கு நிறத்தையும் ஓடிய மைலையும்விட இந்த ஒரு வேறுபாடு முக்கியம். 2006-13 கார்வெட் இசட்06இன் 7 லிட்டர் எல்எஸ்7 என்ஜினில் வால்வின் தண்டைத் தாங்கும் வால்வு கைடு தேய்ந்துபோகும். வாங்குமுன் சிலிண்டர் ஹெட் சரிபார்த்ததற்கு ரசீது கேட்பது அவசியம். டாட்ஜின் 5.7 ஹெமியிலும் லிஃப்டர் தொல்லை உண்டு. மூன்று வீட்டிலும் உடைந்த குடம் இருக்கிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். மஸ்டாங்கில் பத்து வருடம் பழகியவர் கார்வெட்டில் கைவைத்தால் எங்கெங்கே தவறுகிறார்?

முதலில் சக்கரம். 2015க்குப் பிந்தைய மஸ்டாங்கின் ஸ்டட், அதாவது சக்கரத்தைப் பிடிக்கும் மரையாணி, 14 மி.மீ. தடிமன், வீல் நட்டை 150 பவுண்டு-அடிக்கு, அதாவது 204 நியூட்டன் மீட்டருக்கு முடுக்க வேண்டும். 1997 முதல் 2019 வரையிலான கார்வெட்டுகளில் ஸ்டட் 12 மி.மீ.தான், அளவு 100 பவுண்டு-அடி, 140 நியூட்டன் மீட்டர். முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சைப் பழைய அளவிலேயே வைத்து முடுக்கினால் ஸ்டட் நீண்டுவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டிய பிறகு ஒரு நாள் நட்டோடு முறிந்து கையில் வரும். துளை வட்டமும் (துளைகளின் எண்ணிக்கை × அவை அமைந்த வட்டத்தின் விட்டம், மி.மீ.இல்) வேறு வேறு: மஸ்டாங் 5×114.3, சேலஞ்சர் 5×115, கமாரோ 2010 முதல் 5×120, கார்வெட் 2019 வரை 5×120.65. முதல் இரண்டுக்கும் வித்தியாசம் 0.7 மி.மீ. மட்டுமே என்பதால் மஸ்டாங் சக்கரத்தைச் சேலஞ்சரில் நெருக்கி மாட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி மாட்டினாலும் நட்டின் கூம்பு முழுதாக உட்காராது, ஸ்டட் லேசாகச் சாயும், ஓடும்போது நட்டு தளரும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஜாக்கி வைப்பது அடுத்தது. மஸ்டாங்கில் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஓரமாக இருக்கும் தகட்டு மடிப்பில் ஜாக்கி கொடுத்துப் பழகியவர், கார்வெட்டிலும் ஓரத்திலேயே கொடுப்பார். கார்வெட்டின் ஓரம் ஃபைபர் கலவை. படாரென்று விரிசல் விடும். முன்சக்கரத்துக்குப் பின்னும் பின்சக்கரத்துக்கு முன்னும் சட்டத்தில் நீள்துளைகள் இருக்கின்றன. அவற்றில் பொருந்தும் ரப்பர் அல்லது அலுமினிய வில்லைகள் நான்கு வாங்கிச் சொருகி, அந்த வில்லைக்கு அடியில்தான் ஜாக்கி வைக்க வேண்டும்.

கிளட்ச் ஆயில் விஷயத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. 2005க்குப் பிந்தைய மஸ்டாங்கில் கிளட்ச்சுக்குத் தனி டப்பா கிடையாது, பிரேக் டப்பாவிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கார்வெட்டில் கிளட்ச்சுக்கென்று தனியாக ஒரு சின்ன டப்பா உண்டு. ஃபோர்டுகாரர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கிளட்ச் தூசி கலந்து ஆயில் கறுத்துப்போய், வேகமாக ஓட்டும்போது பெடல் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கிளட்ச்சே போய்விட்டது என்று பயந்துவிடுவார்கள். 1997-2013 கார்வெட்டில் கிளட்ச் மாற்றுவது லேசான வேலை இல்லை. கியர்பெட்டி பின்னச்சோடு சேர்ந்திருப்பதால் பின்சட்டத்தையே இறக்க வேண்டும். அதற்குமுன் செய்து பார்க்க வேண்டியது இதுதான்: மூடியைச் சுற்றித் துடைத்து, மூடியைக் கழற்றி, சிரிஞ்சால் டப்பாவில் உள்ளதை முழுக்க உறிஞ்சி எடுங்கள். உள்பக்கத்தைப் பஞ்சு நூல் உதிராத துணியால் துடையுங்கள். புது டாட் 4 பிரேக் ஆயிலைக் குறியளவுக்கு ஊற்றி மூடுங்கள். பெடலை முழுதாக 30 தடவை மிதியுங்கள். திறந்து பார்த்தால் மறுபடி கலங்கியிருக்கும். தெளிவாக நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மிகவும் கறுத்திருந்தால் சில நாள் இடைவெளியில் பல தடவை ஆகும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், பெயின்ட்டை அரித்துவிடும்.

கார்வெட்டில் முதல் கியரிலிருந்து இரண்டாவதற்குத் தள்ளினால் நெம்புகோல் நான்காவதுக்குப் போகிறதா? பழுது இல்லை. என்ஜின் சூடேறியபின், மணிக்கு சுமார் 15 முதல் 20 மைல் வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை லேசாக மட்டும் மிதித்திருந்தால், எரிபொருள் மிச்சத்துக்காக ஒரு சோலனாய்டு (மின்காந்த அடைப்பு) இரண்டாம் கியரை அடைத்துவிடும். கொஞ்சம் அழுத்தி மிதித்தால் வழிவிடும்.

என்ஜின் விளக்கு எரிந்து பி0305 என்ற குறியீடு வந்தால் ஐந்தாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே எரிபொருள் சரியாக எரியவில்லை. ஃபோர்டு வி8இல் வலது வரிசை முன்னிருந்து 1, 2, 3, 4. இடது வரிசை 5, 6, 7, 8. செவர்லேயில் இடது வரிசை 1, 3, 5, 7. வலது வரிசை 2, 4, 6, 8. ஆக, ஃபோர்டில் ஐந்து என்றால் ஓட்டுநர் பக்கம் (அமெரிக்காவில் அது இடது) முதலாவது. கார்வெட்டில் அதே பக்கம் மூன்றாவது. இது தெரியாமல் நல்ல சிலிண்டரின் காயிலை மாற்றிவிட்டு, குறியீடு போகவில்லை என்று புலம்புவது வழக்கமாக நடக்கிறது. பழைய கார்வெட்டின் எல்எஸ் வகை என்ஜினில் ஸ்பார்க் பிளக் இடைவெளி 1 மி.மீ.; ஆறிய என்ஜினில் 15 நியூட்டன் மீட்டருக்கு மேல் முடுக்கக் கூடாது, ஹெட் அலுமினியம்.

ஆயில் அளவுக் குச்சியும் கவனம் கேட்கும். 2006க்குப் பிந்தைய இசட்06, 2014-19இன் இசட்51 போன்றவற்றில் ஆயில் தனித் தொட்டியில் நிற்கும் டிரை சம்ப் முறை. காலையில் ஆறிய என்ஜினில் குச்சியை எடுத்தால் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் இரவெல்லாம் தொட்டி ஆயில் என்ஜினுக்குள் கசிந்து இறங்கியிருக்கும். அதை நம்பி ஒரு லிட்டர் ஊற்றினால், மிகுதி காற்றுக்குழாய் வழியே இழுபட்டுப் புகையும். வண்டியை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, சமதரையில் நிறுத்தி, 5 நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

விலை படிந்துவரும் பழைய கார்வெட் என்றால் 1997-2004 மாடல்தான். அதை வாங்குகிறவர்கள் பானட்டைத் திறந்து, என்ஜின் ஓடும்போது கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். உள்ளே ஒட்டிய ரப்பர் பிரிந்திருந்தால் புல்லி ஆடும். ஃபோர்டில் இந்தப் புல்லியைச் சாவி எனப்படும் சிறு உலோகக் கட்டை வைத்துப் பூட்டியிருப்பார்கள். எல்எஸ்ஸில் சாவி கிடையாது, போல்ட்டின் இறுக்கம் மட்டுமே பிடித்திருக்கிறது. அதனால் பழைய போல்ட்டால் 240 பவுண்டு-அடிக்கு முடுக்கிப் புல்லியை உட்காரவைத்து, அதைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிய போல்ட்டை 37 பவுண்டு-அடிக்கு முடுக்கி மேலும் 140 பாகை திருப்ப வேண்டும். பழைய போல்ட்டையே திரும்பப் போட்டவர்களுக்குப் புல்லி நழுவும். ஸ்டியரிங் ராக்கை அவிழ்த்து நகர்த்தினால்தான் கைபோகும் என்பதால், கூலியையும் விலை பேசும்போதே கழித்துவிடுங்கள்.

செவர்லே விட்டு ஃபோர்டுக்கு வருகிறவர்களுக்கும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது: 2005-08 மஸ்டாங் ஜிடியின் 4.6 லிட்டர் என்ஜின். அதன் ஸ்பார்க் பிளக் இரண்டு துண்டாகச் செய்யப்பட்டது. கரி படிந்து கீழ்த்துண்டு ஹெட்டில் பிடித்துக்கொள்ளும். எல்எஸ்ஸில் கழற்றுவதுபோல ஒரே இழுப்பில் திருப்பினால் மேல்பாதி மட்டும் கையோடு வரும். என்ஜின் முழுக்க ஆறியபின் எட்டில் ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, பிளக் குழியில் கார்புரேட்டர் கிளீனரை விட்டு, குறைந்தது 15 நிமிடம் ஊறவிட்டு, பிறகு முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தே வெளியே கொண்டுவர வேண்டும். புதிய பிளக்கைப் போடும்போது நிக்கல் பசையை மரையில் தடவாமல், கீழே நீண்டிருக்கும் குழல் பகுதியில் மட்டும் மெல்லியதாகத் தடவி, 25 பவுண்டு-அடிக்கு முடுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டியர்போர்ன், மிச்சிகன்