நீல்சனை விட்டுவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஐரோப்பிய இசை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வியன்னாவும் பாரிஸும் நன்றாகவே வந்திருக்கின்றன. வடக்கே போனதும்தான் கட்டுரையாளருக்கு அவசரம் வந்துவிட்டது. 1926இல் 'தாபியோலா' என்ற ஆர்கெஸ்ட்ரா படைப்பை எழுதியபின் இசையமைப்பாளர் சிபேலியஸ் மௌனமானார் என்ற ஒரே வரியில் ஸ்காண்டிநேவியாவை முடித்துவிட்டார். சிபேலியஸ் ஸ்காண்டிநேவியர் அல்ல, பின்லாந்துக்காரர் என்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். டென்மார்க்கின் இசையமைப்பாளர் கார்ல் நீல்சன் பெயரே இல்லையே!

முதல் போரில் டென்மார்க் நடுநிலை நாடு. ஆனால் 1922 ஜனவரியில் கோபன்ஹேகனில் நீல்சனே நடத்தி அரங்கேற்றிய ஐந்தாம் சிம்பொனியைக் கேட்பவர் யாரும் போர் அந்த நாட்டைத் தொடவில்லை என்று சொல்லமாட்டார். வழக்கமான நான்கு பகுதிகள் அதில் கிடையாது, இரண்டுதான். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்கள் இரண்டு சுரங்களுக்கு நடுவே ஊசலாடத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் ஸ்னேர் டிரம் என்ற ராணுவப் பறை அணிவகுப்புத் தாளத்தோடு உள்ளே வரும். பிறகு தந்தி வாத்தியங்கள் நீண்ட, நிதானமான மெட்டொன்றை வளர்க்கும்போது அதே டிரம் வேறு வேகத்தில் குறுக்கே விழும். ஒரு கட்டத்துக்குமேல் டிரம்முக்கு எழுதிய தாளமே இல்லை. ஆர்கெஸ்ட்ரா முன்னேறுவதை எப்பாடுபட்டாவது தடுப்பதுபோல் வாசி என்று கலைஞருக்கு உத்தரவு மட்டும்தான். எழுதியதை அட்சரம் பிசகாமல் வாசிக்கும் மரபில் ஒரே ஒருவருக்கு மனோதர்மம், அதுவும் கச்சேரியைக் குலைப்பதற்கு! முதல் பகுதியின் கடைசியில் டிரம் தோற்று ஒதுங்க, கிளாரினெட் என்ற ஒற்றைக் காற்று வாத்தியம் மிஞ்சும்.

போரை மனத்தில் வைத்து எழுதவில்லை என்றுதான் நீல்சன் சொன்னார். ஆனால் போருக்குப் பிறகு நம்மில் யாரும் பழைய ஆள் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

1924இல் ஸ்டாக்ஹோமில் ஷ்னேவோய்க்ட் என்ற பின்லாந்து நடத்துநர் இந்த ஐந்தாம் சிம்பொனியை நடத்தியபோது அரங்கில் கால்வாசிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். நீல்சன் 1931இல் காலமானார். 1950இல் எடின்பரோ விழாவில் டென்மார்க் கலைஞர்கள் வாசித்த பிறகே வெளியுலகம் இந்த சிம்பொனியைத் திரும்பிப் பார்த்தது. 1962இல் அமெரிக்க நடத்துநர் பெர்ன்ஸ்டீன் நியூயார்க்கில் ஒலிப்பதிவு செய்தார். கட்டுரையாளரின் மறதி புதிதல்ல என்று சொல்லத்தான் இத்தனையும்.

கட்டுரை விட்டுவிட்ட இன்னொரு டென்மார்க் இசையமைப்பாளர் ரூட் லாங்கோர். பதினாறு சிம்பொனிகள் எழுதியவர். பியானோவைத் திறந்து உள்ளிருக்கும் தந்திகளையே வருடச் சொல்லும் அவருடைய 'கோளங்களின் இசை' 1921இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஒலித்தது. சொந்த நாட்டில் அவர் உயிரோடிருந்தவரை ஒலிக்கவில்லை. 1968இல் இசைக்குறிப்பைப் பார்த்த நவீன இசையமைப்பாளர் லிகெட்டி, தன்னையே லாங்கோரின் வழிவந்தவன் என்றார். சுவீடனின் இசையமைப்பாளர் அட்டர்பெர்க், ஷூபர்ட் மறைந்த நூற்றாண்டையொட்டி 1928இல் நடந்த போட்டியில் ஆறாம் சிம்பொனிக்காக பத்தாயிரம் டாலர் வென்றதும் இதே காலம்தான். எனக்கு அந்தப் படைப்பு பரிசுத்தொகை அளவுக்குப் பெரிதாகப் படவில்லை.

கட்டுரைக்கு இரண்டாம் பகுதி வருவதாக இருந்தால் நீல்சனுக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள். புதிதாகக் கேட்பவர்கள் சிம்பொனியில் தொடங்க வேண்டியதில்லை. 1922இலேயே எழுதிய ஐந்து காற்று வாத்தியங்களுக்கான ஐவரிசை இருக்கிறது. யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்